பாவே மோதிரத்துக்கு 916 வேண்டாமுங்க

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கமுங்க.

போன ஞாயித்துக்கிழமை உங்க கல்யாண இணைப்புல நிச்சயதார்த்த மோதிரம் பத்தி ஒரு முழுப்பக்கம் போட்டிருந்தீங்க, நல்லாத்தான் இருந்துச்சு, படமெல்லாம் பளிச்சுனு இருந்துச்சு, ஆனா அதுல ஒரே ஒரு வரி ரெண்டு நாளா என்னை தூங்க விடல. "வைர மோதிரமா இருந்தாலும் 22 காரட்லயே வாங்குங்க, நாளைக்கு வித்தா காசு"ன்னு எழுதிட்டு அதுக்கு மேலயே பொடிக்கல்லா நெருக்கி பதிச்ச ஒரு பாவே மோதிரத்தோட படத்தை வச்சிருந்தீங்க. அதைப் படிச்சுட்டு எத்தனை பேரு கடைல போயி எங்களுக்கு 916லதான், அதாவது 22 காரட்லதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கப் போறாங்களோ தெரியல, அதான் எழுதுறேன். பையன் போன்ல டைப் பண்றேன், எழுத்துப் பிழை இருந்தா நீங்களே திருத்திக்குங்க.

நான் கோயம்புத்தூர்ல பெரிய கடை வீதிப் பக்கம் ஒரு சந்துல பட்டறைல கல் பதிக்கிறவன். முப்பத்தோரு வருஷமாச்சு. இப்ப கண்ணு முன்ன மாதிரி இல்ல, மைக்ரோஸ்கோப் வச்சு செய்யிற பொடிவேலை முக்காவாசி பெங்கால் பசங்க கைக்குப் போயிருச்சு, அவங்க நல்லாவே செய்றாங்க, குறை சொல்லல. நான் பாக்குறது பெரும்பாலும் ரிப்பேர். புதுசா செய்யிறவனுக்கு மோதிரம் கைய விட்டுப் போறதோட சரி, ரிப்பேர்காரன் கைக்குத்தான் அது திரும்ப வரும், கல்லு எதுல நிக்கும் எதுல நிக்காதுன்னு அவன்கிட்ட கேட்டா சரியா சொல்லுவான்.

முதல்ல பாவேன்னா என்னன்னு சொல்லிடறேன், உங்க பக்கத்துல அது வரவே இல்ல. பிரெஞ்சுல அந்த வார்த்தைக்கு கல் பரப்புன தரைன்னு அர்த்தமாம். நம்ம தமிழ்லயும் கல் பாவுன தெரு, கல் பாவுன முற்றம்னுதான சொல்றோம், அந்த பாவுறதுக்கும் இந்த பாவேக்கும் சொந்தமோ இல்லையோ சத்தமும் அர்த்தமும் அப்படியே பொருந்துது பாருங்க. மோதிர வளையத்து மேல கடுகளவு வைரத்தை இடைவெளியே தெரியாம பாவுறது. ஒரு கல்லு 1.3 மில்லிமீட்டர் இருந்தா அது ஒரு சென்ட்டு, அதாவது காரட்ல நூத்துல ஒரு பங்கு. அந்தக் கல்லை எது புடிச்சிருக்குங்கறீங்க? பசை இல்ல, தனியா பத்தவச்ச காலும் இல்ல. வளையத்துல வரிசையா ஓட்டை போட்டு, கல்லு உக்கார்ற அளவுக்கு படி வெட்டி, கல்லை இறக்கி வச்சுட்டு, ரெண்டு கல்லுக்கு நடுவுல மிச்சம் நிக்கிற உலோகத்தை உளியால சீவி சீவி மணியா எடுத்து, அதை கல்லோட விளிம்பு மேல லேசா சாய்ச்சு, குழிமுனை ஊசியால உருட்டி விடுவோம். அவ்வளவுதான். கசகசா இருக்குல்லங்க, அதுல பாதி சைசு கூட இருக்காது ஒரு மணி. ஒரு கல்லுக்கு நாலு, அதையும் பக்கத்து கல்லோட பங்கு போட்டுக்கணும். மோதிரம் காலத்துக்கும் நிக்கிறதும் மூணு மாசத்துல பல்லு போன கிழவி மாதிரி ஆகுறதும் அந்த அரைக் கசகசா கைலதான் இருக்கு, அது எந்த உலோகம்ங்கறதுதான் இங்க கேள்வியே.

22 காரட்டுல நூத்துக்கு 91.6 பங்கு சொக்கத்தங்கம், கலப்பு எட்டரைக்கும் கம்மி. தங்கம் இயல்புலயே மெத்துனு இருக்கிற சாமான், அதுல கலக்குற செம்பும் வெள்ளியும்தான் அதுக்கு உறுதி குடுக்குது. கலப்பு கம்மின்னா மணி மெத்துனு இருக்கும், நான் அழுத்தினப்ப எவ்வளவு சுலபமா சாஞ்சுச்சோ அவ்வளவு சுலபமா உங்க வண்டி ஹேண்டில் பட்டும், பக்கெட் கைப்பிடி பட்டும், பஸ் கம்பி பட்டும் திரும்ப நிமுந்துக்கும். அதுக்கு மேல வளையமே வளையும். பாவே மோதிரம் எல்லாம் ஒல்லியா வேணும்ங்கறாங்க இப்ப, ரெண்டு மில்லிமீட்டர் கூட இருக்காது அகலம், அதை 22ல செஞ்சு கைல போட்டு ரெண்டு குடம் தண்ணி தூக்கினா வட்டம் முட்டையாயிரும், வளையம் முட்டையானா படியில உக்காந்த கல்லு என்ன பண்ணும், தெறிச்சு ஓடும்.

போன ஆவணில ஒரு புள்ள வந்துச்சு, நிச்சயம் முடிஞ்சு மூணு மாசம் கூட ஆகல, மோதிரத்தை டிஷ்யூ பேப்பர்ல சுத்தி எடுத்துட்டு வந்து அண்ணா ரெண்டு கல்லு காணோம்ங்குது. கண்ணுல தண்ணி. நான் வாங்கி காதுக்கிட்ட வச்சு நகத்தால வளையத்தை தட்டிப் பாத்தேன், டிக் டிக்னு சத்தம் வருது. சத்தம் வந்தா இன்னொரு கல்லும் ஆடுதுன்னு அர்த்தம். லென்ஸ் போட்டுப் பாத்தா காணாமப் போனது ரெண்டு, ஆடுறது அஞ்சு. மணி எல்லாம் வழிச்ச மாதிரி தேஞ்சு கிடக்கு. முத்திரையைப் பாத்தேன், 22 காரட் 916. போன கல்லு எங்க போச்சுன்னு அதுக்கும் தெரியல, அரிசி களைஞ்ச தண்ணியோட போயிருக்கும். செஞ்ச கடை மேல தப்பு சொல்றதா, கேட்டு வாங்குன வீட்டு மேல சொல்றதா? "அத்தைதான் 22 இல்லாட்டி வேண்டவே வேண்டாம்னாங்கண்ணா"ன்னு அந்தப் புள்ளயே சொல்லுச்சு.

இதைச் சொன்னா உடனே ஒரு கேள்வி வரும், எங்க பாட்டியோட வைரத்தோடு 22 காரட்தான, அறுவது வருஷமா ஒரு கல்லு விழலையேன்னு. நியாயமான கேள்விதான். அந்தத் தோடை எடுத்துப் பாருங்க. ஏழு கல்லுன்னா ஏழும் பெருசு, ஒவ்வொரு கல்லையும் சுத்தி தங்கத்தை சுவர் மாதிரி எழுப்பி விளிம்பு முழுக்க மடிச்சு விட்டிருப்பாங்க, அடைச்ச கட்டு, அங்க மெத்துனு இருக்கிறதே வசதி. அதோட அது காதுல தொங்குது, அது எது மேலயும் இடிக்கிறதில்ல, ராத்திரி கழட்டி பீரோல வச்சிருவாங்க. மோதிரம் அப்படியா? கை போற எடத்துக்கெல்லாம் போகுது. சட்டி கழுவுது, கதவு சாத்துது, கம்ப்யூட்டர்ல தட்டுது. தோடுக்கு சரியா இருந்தது மோதிரத்துக்கும் சரியா இருக்கணும்னு கட்டாயமில்ல.

சரி, வித்தா காசுங்கற கதைக்கு வருவோம். அரை பவுன் மோதிரம்னு வச்சுக்குங்க, கல்லு போக நாலு கிராம் தங்கம். 22ல செஞ்சா அதுல சொக்கத்தங்கம் 3.66 கிராம், 18ல செஞ்சா 3 கிராம். வித்தியாசம் முக்கா கிராம் கூட இல்ல. அந்த முக்கா கிராமுக்கும் வாங்கும்போதே நீங்க காசு குடுத்திருக்கீங்க, 18க்கு 18 ரேட்டுதான் போடுவாங்க, யாரும் ஏமாத்தல. செய்கூலி, சேதாரம், கல் கூலி, அதுக்கு மேல 3 சதவீதம் ஜிஎஸ்டி, இது எல்லாம் எந்த காரட்டுல வாங்கினாலும் போனது போனதுதான், பொடிக்கல்லுக்கு திரும்ப விக்கப் போனா கெடைக்கிறதும் சொல்லிக்கிற மாதிரி இருக்காது. ஒண்ணு மட்டும் ஒத்துக்கறேன், வேற கடைல வாங்குன 18 காரட்டை எடுக்க நம்மூர்ல சில கடைக்காரங்க மூக்கை சுளிப்பாங்க, அது உண்மை. சேமிப்புக்கு தங்கம் வேணும்னா காசா வாங்குங்க, சங்கிலியா வாங்குங்க, அது வேற கணக்கு. நிச்சய மோதிரத்தை விக்கிறதுக்காகவா வாங்குறோம்?

அப்ப எதுல வாங்கலாம்னு கேட்டா, மஞ்சள் தங்கம் புடிச்சவங்களுக்கு 18 காரட், 750 முத்திரை, கண்ணை மூடிட்டு வாங்கலாம். கால் பங்கு கலப்பு இருக்கு, மணி தூக்கினா நிக்கும், உளி போட்டா சுத்தமா வெட்டும், பளபளப்பும் சீக்கிரம் போகாது. 14 காரட் இன்னும் கெட்டி, அமெரிக்காவுல அதுலதான் நிறைய செய்றாங்க, ஆனா நம்மூர்க் கண்ணுக்கு மஞ்சள் வெளிறித் தெரியும், சம்மந்தி வீட்டுல பித்தளையான்னு கேட்டாலும் கேட்டுருவாங்க. ரோஸ் கோல்டும் நல்லா நிக்கும், செம்பு ஜாஸ்திங்கறதால வந்த கலரு அது. வெள்ளில பாவே வேண்டவே வேண்டாம், 925 வெள்ளியும் மெத்துதான், அதோட கல்லுக்கடில கறுத்துப் போனா தேச்சு எடுக்கவும் முடியாது.

கலர்ல ஒரு விஷயம் இருக்கு. வெள்ளை உலோகத்துல பாவே வச்சா மணி கண்ணுக்கே தெரியாது, கல்லோட கல்லா கலந்துரும், வளையம் முழுக்க வைரமா மின்னும். மஞ்சள்ல வச்சா கல்லுக்கு நடுவுல மஞ்சப் புள்ளி புள்ளியா தெரியும், சிலருக்கு அதுதான் புடிக்குது, எனக்கும் புடிக்கும். கல்லு கொஞ்சம் மஞ்சள் சாயல்ல இருந்தா மஞ்சள் தங்கத்துல அது மறைஞ்சுரும், நல்ல வெள்ளைக் கல்லுக்கு காசு குடுத்துட்டு அதைக் கொண்டுபோயி மஞ்சள்ல பாவுனா குடுத்த காசு பாதி கண்ணுல படாது. வளையம் மஞ்சளா வச்சு கல்லு உக்கார்ற எடம் மட்டும் வெள்ளைத் தங்கமா செய்யிறதும் உண்டு.

இந்த வெள்ளைத் தங்கம் இருக்கே, அதைப் பத்தி கடைல முழுசா சொல்ல மாட்டேங்கறாங்க. தங்கத்துல வெள்ளைன்னு ஒண்ணு மண்ணுக்குள்ள கிடையாதுங்க. நிக்கலோ பல்லேடியமோ கலந்து மஞ்சளை வெளுக்க வைக்கிறதுதான், அப்பவும் லேசா பழுப்பா நிக்கும், அது மேல ரோடியம்ங்கற வெள்ளை உலோகத்தை முலாமா போட்டுத்தான் கண்ணாடி மாதிரி வெள்ளையாக்குறாங்க. தினம் போட்டா ஒரு வருஷம் ரெண்டு வருஷத்துல முலாம் தேஞ்சு உள்ளங்கைப் பக்கம் மஞ்சள் தட்டும், ஏமாத்திட்டாங்கன்னு சண்டைக்கு வருவாங்க, ஏமாத்தல, திரும்ப முலாம் போட்டா சரியாயிரும். நிக்கல் கலந்ததுல மணி ரொம்ப கெட்டியா ஸ்பிரிங் மாதிரி நிக்கும், பாவேக்கு நல்லதுதான், ஆனா குளோரின் அதுக்கு ஆகாது. பிளீச்சிங் பவுடர் போட்டு பாத்ரூம் கழுவுற கையில அதே மோதிரத்தைப் போட்டுட்டே இருந்தா மணில மயிரிழை மாதிரி வெடிப்பு விட்டு ஒரு நாள் டப்புனு ஒடைஞ்சு போகும், நீச்சல் குளத்து தண்ணியும் அதே வேலையைத்தான் பண்ணும்.

இதுல எங்க வீட்டுக் கதை ஒண்ணு வருது. என் மூத்த பொண்ணு நிச்சயத்துக்கு மாப்பிள்ளை வீட்டுல "நீங்களே செஞ்சு குடுத்துருங்க, காசு நாங்க தர்றோம்"னுட்டாங்க. எனக்கு பெருமை தாங்கல. பாப்பா போன்ல படம் காட்டி "ஏனுங்கப்பா, இந்த மாதிரி வெள்ளையா, ரெண்டு பக்கமும் பொடிக்கல்லு வச்சு"ன்னுச்சு. சம்மந்தியம்மா காதுல விழுந்ததும் "916 இல்லாம நிச்சயத்துக்கு மோதிரமுங்களா"ன்னாங்க, மெதுவாத்தான் சொன்னாங்க, ஆனா வீடே கேட்டுச்சு. நான் முதல்ல 18 காரட் வெள்ளைத் தங்கம்னுதான் நினைச்சேன். என் சம்சாரம்தான் ஞாபகப்படுத்துனா, சின்ன வயசுல திருவிழாக் கடைல வாங்குன கவரிங் கம்மல் போட்டதும் பாப்பாவுக்கு காது புண்ணாகி சீழ் வெச்சு ரெண்டு மாசம் வேப்பங்குச்சி சொருகி வச்சிருந்தோம்ல. அது நிக்கல் ஒத்துக்காத உடம்பு. எக்ஸ்போர்ட் வேலை செஞ்ச காலத்துல எங்க மொதலாளி சொல்லுவாரு, ஐரோப்பாவுல 1994லயே உடம்புல படுற நகைக்கு நிக்கல் கட்டுப்பாடு போட்டுட்டாங்க, அந்த ஊரு ஆர்டருக்கு கலப்பு மாத்தணும்னு. ஊரான் பொண்ணுக்கெல்லாம் பாத்து பாத்து செஞ்சவன் சொந்தப் பொண்ணு காதை மறந்துட்டேன் பாருங்க.

அப்பறம் பிளாட்டினம்னு முடிவாச்சு. 950ன்னா ஆயிரத்துல 950 பங்கு பிளாட்டினம், நிக்கல் கிடையாது, முலாமும் வேண்டாம், அதோட சொந்த நிறமே வெள்ளை. உருக்கறதுதான் நம்ம பட்டறைல ஆகாத காரியம், தங்கம் 1064 டிகிரில உருகிரும், பிளாட்டினத்துக்கு 1768 டிகிரி வேணும், அதனால வளையத்தை வெளில வார்த்து வாங்கிட்டு வந்து கல்லு மட்டும் நான் பதிச்சேன். ஒரு பக்கத்துக்கு பத்து கல்லு, மொத்தம் இருவது. தங்கத்துல ஒரு நாள்ல முடிஞ்சிருக்கும் வேலை, மூணு நாள் இழுத்துச்சு. பிளாட்டினம் உளியைப் புடிச்சுக்கும்ங்க, பிசுபிசுன்னு, பலாப்பழம் அரியிற கத்தி மாதிரி, நாலு கல்லுக்கு ஒரு தடவை முனை தீட்ட வேண்டியிருந்துச்சு. ஆனா மணியை சாய்ச்சா சாஞ்ச எடத்துல அப்படியே படுத்துக்குது, ஸ்பிரிங் மாதிரி எந்திரிக்கிறதில்ல. தங்கத்துல ஒரு கீறல் விழுந்தா அந்த அளவு தங்கம் தேஞ்சு போயிருச்சுன்னு அர்த்தம், பிளாட்டினத்துல கீறினா உலோகம் ஒதுங்குமே தவிர அவ்வளவு லேசுல காணாமப் போகாது. பொடிக்கல்லுக்கு இதுக்கு மேல என்ன வேணும்.

சம்மந்தியம்மா சமாதானத்துக்கு 22 காரட்டுல கல்லில்லாத ஒரு நெளி மோதிரமும் சேத்து மாட்டினோம், 916 முத்திரையை அவங்களே கண்ணாடி போட்டுப் பாத்துக்கிட்டாங்க, பிரச்சனை முடிஞ்சுது.

பிளாட்டினத்தை தலைல தூக்கி வச்சு ஆடுறேன்னு நினைச்சுக்காதீங்க, அதுலயும் தொந்தரவு உண்டு. அடர்த்தி ஜாஸ்தி, 18 காரட்டுல நாலு கிராம் வர்ற அதே மோதிரம் பிளாட்டினத்துல அஞ்சேகால் கிராம் பக்கம் வரும், ஒல்லி விரலுக்கு கனமா தெரியும். 2015க்கு முன்னாடி பெரும்பாலும் தங்கத்தை விட பிளாட்டினம்தான் விலை, அப்பறம் தலைகீழாயிருச்சு, ஆனா கூலி ஜாஸ்தி, அதனால கிராம் விலை கம்மின்னு நம்பிப் போனா பில்லு பாத்து மயக்கம் வரும். திரும்ப எடுக்கற கடையும் கம்மி. அப்பறம் அது மங்கும். சின்னச் சின்ன கீறல் சேந்து சேந்து ஒரு சாம்பல் பூத்த மாதிரி ஆகும், வெளிநாட்டுல அதையே அழகும்பாங்க, எங்க சம்மந்தியம்மா "வெள்ளி மாதிரி ஆயிருச்சுங்களே"ன்னாங்க. மெருகு போட்டா மறுபடி வந்துரும், அடிக்கடி போடக்கூடாது, மெருகு போடறப்ப மணியும் சேந்து தேயும்ல.

சைஸ் விஷயமும் இங்கயே சொல்லிடறேன், ரிப்பேருக்கு வர்றதுல இது ஒரு பெரிய தலைவலி. வளையம் முழுக்க சுத்தி கல்லு வச்சுட்டா அந்த மோதிரத்தை பெருசும் பண்ண முடியாது சிறுசும் பண்ண முடியாது. பொண்ணுங்களுக்கு கொழந்தை உண்டான நேரத்துல விரல் வீங்கும், பின்னாடி உடம்பு போடும், அதனால அடிப்பக்கம் பாதியை சும்மா விட்டு மேல்பாதி மட்டும் பாவுங்க. அப்படி விட்டாலும் ரெண்டு சைசுக்கு மேல இழுத்தா வளையத்தோட வளைவு மாறி ஓரத்துக் கல்லு ஆட ஆரம்பிக்கும். வைரம் கரிதானுங்க, சூடு காட்டி பத்தவைக்கிறப்ப மேல் பூத்து வெள்ளையா போயிரும், போரிக் பவுடரை ஸ்பிரிட்ல கரைச்சு பூசிட்டுத்தான் நாங்க நெருப்பே காட்டுவோம். பிளாட்டினத்துக்கு அந்த சூடு பத்தாது, லேசர் மிஷின் இருக்கிற எடத்துல சைஸ் பண்றதுதான் நல்லது, அந்த மிஷின் இருக்கற பட்டறையா பாத்து குடுங்க.

18 காரட்டுக்கு ஹால்மார்க் கிடையாதுன்னு இன்னமும் நம்பிட்டு இருக்காங்க சில பேரு, அது தப்பு. 22க்கு எப்படியோ அப்படித்தான் 18க்கும் 14க்கும், 2023 ஏப்ரல் 1ல இருந்து ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியா குத்துற அந்த ஆறு எழுத்து எச்யுஐடி நம்பர் இருந்தாத்தான் ஹால்மார்க் நகையா விக்கவே முடியும், ஹால்மார்க் தர்ற அரசு அமைப்போட பிஐஎஸ் கேர் ஆப்புல அந்த நம்பரைப் போட்டுப் பாத்துக்கலாம். பிளாட்டினம் அந்தக் கணக்குல வராது, அதுக்கு 950ன்னு முத்திரை குத்தியிருக்கான்னு பாருங்க. பில்லுல மொத்த எடை, கல் எடை, நிகர எடை மூணும் தனித்தனியா இருக்கணும். ஒரு காரட் கல்லுன்னா 0.2 கிராம், அதனால பாவேல கல் எடை ரொம்ப சின்னதாத்தான் வரும், இருந்தாலும் கல்லுக்கும் சேத்து தங்க விலை போட்டிருக்கான்னு ஒரு தடவை கண்ணை ஓட்டுங்க. வெள்ளைத் தங்கம்னா நிக்கலா பல்லேடியமான்னு வாயத் தொறந்து கேளுங்க, தெரியலன்னு சேல்ஸ்மேன் சொன்னா பட்டறைக்கு போன் போட்டு கேட்டுச் சொல்லச் சொல்லுங்க.

வாங்கினதுக்கப்பறம், துப்பட்டா நூலோ தலைமுடியோ மோதிரத்துல மாட்டி இழுத்தா அன்னிக்கே கழட்டிருங்க, ஒரு மணி தூக்கிருச்சுன்னு அர்த்தம். அப்பவே கொண்டு வந்தா ரெண்டு நிமிஷ வேலை, கல்லு போனதுக்கப்பறம் வந்தா அதே சைசு அதே வெள்ளைல கல்லு தேடி வச்சு அரை நாள் ஆயிரும்.

ஆசிரியர்கிட்ட ஒரு வேண்டுகோளுங்க. தினம் 22 காரட் பவுன் விலையை முதல் பக்கத்துல கொட்டை எழுத்துல போடுறீங்க, 18 காரட் விலையையும் பிளாட்டினம் விலையையும் அதுக்குப் பக்கத்துலயே அதே சைசுல போடுங்க. அந்த இணைப்புல வந்த வரிக்கும் ஒரு திருத்தம் போட்டா நல்லது, இந்த ஆவணில நிச்சயம் வச்சிருக்கற வீடுங்க நிறைய இருக்கு.

என் பொண்ணு மோதிரம் போன வாரம் மெருகுக்கு வந்துச்சு. ஒன்றரை வருஷமாச்சு போட ஆரம்பிச்சு. காதுக்கிட்ட வச்சு தட்டிப் பாத்தேன், சத்தமே இல்ல. இருவது கல்லும் இருக்கு.

இப்படிக்கு,
கல் பதிக்கிற தொழிலாளி ஒருவன்,
கோயம்புத்தூர்.